எஞ்சினின் மூளையும் அதன் பிணியும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், இராசபாளையத்தினின்று தென்காசிக்குச் செல்லும் நெடுஞ்சாலையின்மீது அமைந்தது புளியங்குடி. எலுமிச்சை நகர் எனப் பலரும் வழங்கும் இவ்வூரினின்று கனிமூட்டைகள் கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை வழியாய், ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து கேரள நாட்டிற்குச் செல்கின்றன. இவ்வாணிகம் லாரியை நம்பியது. லாரி நின்றால் சந்தை காத்திராது; கனியும் காத்திராது.

சென்ற கோடை விடுமுறையின் இறுதியில், குற்றாலச் சாரல் தொடங்கியிருந்த நாள்களில், எம் தெருவினர் ஒருவரது லாரி கனிச்சுமையோடு புளியரைக்கு இப்பால் நின்றுவிட்டது. குளிர்ந்திருக்கையில் ஓடும், சூடேறியதும் தானே அணையும், அரைமணி கழிந்தபின் யாதும் நிகழாததுபோல் மீண்டும் கிளம்பும். ஒரு வாரத்தில் இது மும்முறை நேர்ந்தது. மூன்றாம் முறை சுமையை வேறு வண்டிக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அப்பயணத்தின் வாடகை முழுதும் அதற்கே போயிற்று. வழியிற் பார்த்தவர் ஒருவர், “பெட்டி போய்விட்டது, மாற்றிவிடுங்கள்” என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்தார். அப்பெட்டியின் விலையோ, ஒற்றை லாரி வைத்துப் பிழைப்பவரின் பல மாத மிச்சத்தை விழுங்கவல்லது. உரிமையாளர் கலங்கி, எம்மூர் மெக்கானிக் ஒருவரை நாடினார். இலக்கணம் பயிலும் யாம் டார்ச் விளக்குப் பிடிக்கும் தொண்டினை மேற்கொண்டு உடனிருந்தோம். அங்குக் கண்டவற்றையும், பின்னர்க் கேட்டும் படித்தும் அறிந்தவற்றையும் ஈண்டு எழுதுகின்றோம்.

முதற்கண், இப்பெட்டி யாதென அறிதல் வேண்டும். டீசல் எஞ்சினுள் காற்று இறுக அழுத்தப்பட்டுச் சூடேற, அச்சூட்டிற் பீச்சப்படும் டீசல் தானே தீப்பற்றுகின்றது. எப்பொழுது, எவ்வளவு பீச்சுவது என்பதே எஞ்சினின் உயிர்நிலை. ஜெர்மனி நாட்டுப் பாஷ் நிறுவனம் 1927-ஆம் ஆண்டிற் பெருமளவிற் செய்யத் தொடங்கிய பம்பு முதலாய், நெடுங்காலம் இவ்வேலையை இரும்பும் சுருள்வில்லுமே செய்துவந்தன. பின்னர்ப் புகைமாசினைக் குறைக்கும் விதிகள் இறுகின. நம் நாட்டிற் பாரத் நிலை நான்கு 2017 ஏப்ரல் 1 முதலும், நிலை ஆறு 2020 ஏப்ரல் 1 முதலும் புதிய வண்டிகளுக்கு நாடெங்கும் கட்டாயமாயின. அவை வேண்டும் நுட்பத்தை எட்டும்பொருட்டு, டீசலை அளந்து விடும் பொறுப்பு மின்னணுப் பெட்டியொன்றினிடம் வந்து சேர்ந்தது. இதனையே எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டி என்பர், பட்டறையில் ஈ.சி.எம்.

எஞ்சினின் பல உறுப்புகளிலும் சென்சார் என்னும் உணரிகள் உள. அவை வெப்பம், அழுத்தம், சுழற்சி ஆகியவற்றை அறிந்து பெட்டிக்கு உரைக்கும். அவற்றுட் பலவற்றிற்குப் பெட்டியே 5 வோல்ட் மின்சாரம் அளிக்கின்றது. பெட்டி அவ்வுரைகளைக் கணக்கிட்டு இன்ஜெக்டர்களுக்கு ஆணையிடும். ஆறு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 2,000 சுற்றுச் சுழலுங்கால், நொடிக்கு 100 முறை டீசல் பீச்சப்படுதல் வேண்டும். கண்ணிமைக்கும் நேரத்திற்குள் பல ஆணைகள்!

இத்தகைய மூளை பழுதுற்றால் வண்டி திடீரென அணையும், இழுவை குறையும், எச்சரிக்கை விளக்கு எரியும், ஸ்கேனருக்கு மறுமொழி வாராது. ஆயின், இக்குறிகள் யாவும் பிற பழுதுகளாலும் தோன்றும். பேட்டரி தளர்ந்தாலும், ரிலே தேய்ந்தாலும், ஒயர் அறுந்தாலும் பழி பெட்டியின் மீதே விழுகின்றது. ஆகலின் பிற யாவற்றையும் ஆராய்ந்து விலக்கிய பின்னரே பெட்டியைக் குற்றவாளி எனல் தகும்.

எம்மூர் மெக்கானிக் கையாண்ட முறை இதுவே. முதலில் ஸ்கேனரை மாட்டிப் பிழைக்குறிகளை எழுதிக்கொண்டார், அழித்துவிடவில்லை. அடுத்துப் பேட்டரிகளை நோக்கினார். லாரியில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு தொடராக இணைந்து 24 வோல்ட் தரும். நன்னிலையில் ஓய்ந்திருக்கும்போது 25 வோல்ட்டுக்குச் சற்று மேலும், எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 28 வோல்ட்டும் காணல் வேண்டும். அவை சரியாயிருந்தன. பியூஸ்களும் ரிலேயும் சரியாயிருந்தன.

பின்னர்ப் பெட்டிக்கு வரும் ஒயர்களை அளந்தார். ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. ஒரே இழையில் தொங்கும் ஒயரும், வெறும் மீட்டரால் அளக்குங்கால் முழு வோல்ட்டையும் காட்டிவிடும். எனவே பல்பு ஒன்றனைச் சுமையாக இணைத்து அளந்தார். வரும் மின்சாரம் நன்றாயிருந்தது. திரும்பும் வழியாகிய எர்த்திலோ ஒன்றரை வோல்ட் வீணாயிற்று. சில பத்திலொரு பங்கு வோல்ட்டுக்கு மேல் ஆங்கு வீணாதல் ஆகாது. தேடியபோது, எஞ்சினையும் சேஸிஸையும் இணைக்கும் எர்த் பட்டை துருவேறித் தளர்ந்திருக்கக் கண்டார். அதனைத் தேய்த்து இறுக்கியதும் வண்டி சீராய் ஓடிற்று. உரிமையாளர் முகம் மலர்ந்தது. செலவின்றிப் பழுது நீங்கியதென்று யாமும் மகிழ்ந்தோம்.

மெக்கானிக் மகிழவில்லை. “அண்ணாச்சி, சூடேறினால்தானே நிற்கிறது? சூடேற்றிப் பார்த்துவிடுவோம்” என்றார். வெப்பக் காற்றூதும் கருவியாற் பெட்டியை மெல்லச் சூடேற்றினார். சிறிது நேரத்தில் 5 வோல்ட் நான்கிற்கும் கீழே இறங்கிற்று. ஸ்கேனரின் பேச்சும் அறுந்தது. ஒரு சென்சார் உள்ளே ஷார்ட்டானாலும் அந்த 5 வோல்ட் தாழும். ஆதலின் சென்சார்களை ஒவ்வொன்றாய்க் கழற்றினார். வோல்ட் ஏறவில்லை. செய்தி செல்லும் இரட்டை ஒயரை, மின்சாரத்தை நிறுத்தி அளந்தார். அதன் இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருத்தலால், இடையில் 60 ஓம் காட்டுதல் வேண்டும், அவ்வாறே காட்டிற்று. எஞ்சியது பெட்டி ஒன்றே. வழியிற் சொன்னவர் தீர்ப்பு மெய்யே. ஆயின் காரணம் அறியாத தீர்ப்பு.

“பெட்டியை மாற்றினால் மட்டும் போதாது, இது ஏன் போயிற்று என்று தெரிந்தாக வேண்டும்” என்றார் அவர். வினவியபோது, அண்மையில் லாரியின் பின்பலகைச் சட்டத்திற்கு வெல்டிங் செய்த செய்தி வெளிவந்தது. பேட்டரியைக் கழற்றவில்லையாம். எர்த் பட்டை தளர்ந்திருந்தமையால் வெல்டிங் மின்சாரம் பெட்டியின் மெல்லிய ஒயர்கள் வழியே திரும்பியிருத்தல் கூடும் என்பது அவர் கருத்து. பட்டையைச் சீராக்காது புதுப்பெட்டி மாட்டியிருப்பின், அதுவும் கெட்டிருக்கும். கடன்பட்டு வாங்கிய பொருள் இருமுறை பாழாயிருக்கும்.

பெட்டியை மாற்றுதல் பல்பு மாற்றுதல் போன்றதன்று. உறுப்பெண் முற்றும் ஒத்திருத்தல் வேண்டும். பழைய பெட்டி பேசும் நிலையிலிருப்பின், அதனுள் உள்ள விவரங்களை முதலிற் படியெடுத்துக் கொள்ளல் வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடம் பொறுத்து, உடலில் தேங்கிய மின்சாரம் நீங்க உலோகத்தைத் தொட்டு, அதன் பின்னரே பெட்டியைத் தொடுக. ஊசிமுனைகளை விரலால் தீண்டற்க. மாட்டிய பின் வண்டிக்குரிய மென்பொருளை ஏற்றி, சேஸிஸ் எண்ணையும் ஒவ்வோர் இன்ஜெக்டரின் குறியெண்ணையும் பதிதல் வேண்டும். திருட்டுத் தடுப்புப் பூட்டுள்ள வண்டியாயின் சாவியையும் பெட்டிக்கு அறிமுகம் செய்தல் வேண்டும். பழைய பெட்டியை மலிவாய் வாங்கி மாட்டுவோர் ஏமாறுவது இவ்விடத்தேதான்; அது மற்றொரு வண்டியின் நினைவோடு வந்து, இவ்வண்டியைக் கிளப்ப மறுக்கும். இறுதியிற் பிழைக்குறிகளை அழித்து, சுமையேற்றி ஓட்டி, அவை மீண்டும் தோன்றாமையைக் காணல் வேண்டும்.

திருவள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயை அறிவதோடு அமையாது அதன் காரணத்தையும் ஆராயுமாறு மருத்துவனுக்குக் கூறினார். வகுப்பறையில் அதற்கு யாம் எழுதிய உரை ஒன்று. விளக்குப் பிடித்து நின்றபோது கண்ட உரை மற்றொன்று. முன்னதினும் பின்னது எம் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

நான்காம் நாள் அந்த லாரி கணவாயைக் கடந்து, பொழுது விடியுமுன் சரக்கை இறக்கிற்று. உரிமையாளர் திரும்பி வந்ததும் செய்த முதல் வேலை, பேட்டரிப் பெட்டியின் மூடியில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு வரி எழுதியதாகும்: “வெல்டிங்குக்கு முன் கழற்றுக.”