ஓடு... மிதி... மறுபடியும் ஓடு!

மீமிசல் ரோட்டிலேயே பழகலாம், "டூயத்லான்"

ஓட்டப் பந்தயம் தெரியும். சைக்கிள் பந்தயமும் தெரியும். இரண்டையும் ஒரே மூச்சில் செய்யச் சொன்னால்?

முதலில் ஓட வேண்டும். மூச்சு அடங்கும் முன்பே சைக்கிளில் ஏறி மிதிக்க வேண்டும். இறங்கியதும் மறுபடியும் ஓட வேண்டும். நடுவில் உட்காரக் கூடாது என்று சட்டம் இல்லை. ஆனால் நீங்கள் உட்கார்ந்தாலும் கடிகாரம் உட்காராது! இந்தப் போட்டிக்குப் பெயர்தான் "டூயத்லான்".

"வேலைவெட்டி இல்லாதவன் வேலையால்ல இருக்கு" என்று மீமிசல் டீக்கடையில் யாராவது சொல்லக் கூடும். சொல்லட்டும். சென்னை போன்ற நகரங்களில் ஆபீசுக்குப் போகிறவர்கள் பணம் கட்டி, பெயர் கொடுத்து இதில் கலந்து கொள்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பரிசை நினைத்துப் போவதில்லை. "முடிச்சுட்டேன்" என்று வீட்டில் சொல்ல ஆசை. அவ்வளவுதான்.

மீமிசல்காரர் ஒருவர் முதல் தடவையாக இந்தப் போட்டிக்குப் போவதானால் என்ன செய்ய வேண்டும்?

நீச்சல் கிடையாது

இதற்கு அண்ணன் முறையில் ஒரு போட்டி உண்டு. நீந்தி, மிதித்து, ஓடும் "டிரையத்லான்". 1974-ல் அமெரிக்காவில் சான் டியாகோ நகரில் அது தொடங்கியது. 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கிலும் இடம் பிடித்தது. அதில் நீச்சலை எடுத்து விட்டு, அந்த இடத்தில் இன்னொரு ஓட்டத்தைப் போட்டால் டூயத்லான். 1990-ல் இதற்கு உலகப் போட்டியே நடந்தது. ஒலிம்பிக்கில்தான் இன்னும் இடம் இல்லை.

கடலோரத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் பயம் கிடையாது. ஆனால் கடலில் போட்டி நடத்த படகு வேண்டும், காவல் வேண்டும், செலவு வேண்டும். நம் பக்கத்துக் கடலோ ஆழம் குறைந்த, சேறு நிறைந்த கடல். டூயத்லானுக்கு ஒரு நல்ல ரோடு போதும்.

வழக்கமான தூரம் 10 கிலோ மீட்டர் ஓட்டம், 40 கிலோ மீட்டர் சைக்கிள், மறுபடி 5 கிலோ மீட்டர் ஓட்டம். படித்ததும் மலைக்க வேண்டாம். இதில் சரிபாதி தூரமும் உண்டு: 5, 20, இரண்டரை. புதியவர்கள் இதற்குத்தான் பெயர் கொடுக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் ஸோஃபிங்கன் என்ற ஊரில் 1989 முதல் ஒரு போட்டி நடக்கிறது. அங்கே பல ஆண்டுகள் 10 ஓடி, 150 மிதித்து, மறுபடி 30 கிலோ மீட்டர் ஓடினார்கள். அந்தப் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம்!

சைக்கிள் எங்கே?

லட்ச ரூபாய் ரேஸ் சைக்கிளைப் பார்த்து விட்டு, "நமக்கு இது ஆகாது" என்று திரும்பி விடுகிறவர்கள் உண்டு. ரேஸ் சைக்கிள் 8 கிலோதான் இருக்கும். நம் வீட்டு சைக்கிள் 20 கிலோ பக்கம் வரும். வேகத்தில் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். ஆனால் போய்ச் சேருவதற்கு அது தடை இல்லை. எந்த சைக்கிளையும் ஏற்றுக் கொள்ளும் போட்டிகளும் உண்டு. பணம் கட்டும் முன்பு கேட்டுக் கொள்ள வேண்டும்.

இலவச சைக்கிள் திட்டத்தில் பிளஸ் 1 படிக்கும்போது வாங்கியது வீட்டு மூலையில் கிடக்கிறதா? எடுங்கள். பிரேக் பிடிக்கிறதா, டயரில் காற்று நிற்கிறதா, செயினில் எண்ணெய் இருக்கிறதா பாருங்கள். சீட்டை உயர்த்துங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். முக்கால்வாசிப் பேர் சீட்டைத் தாழ்த்தி வைத்து முழங்காலைக் கெடுத்துக் கொள்கிறார்கள்.

ஹெல்மெட் கட்டாயம். அதிலும் ஒரு கண்டிப்பு. ஸ்டாண்டில் இருந்து சைக்கிளை எடுக்கும் முன்பே ஹெல்மெட் வாரை மாட்டி இருக்க வேண்டும். அந்த இடத்தில் சைக்கிளைத் தள்ளிக் கொண்டுதான் ஓட வேண்டும். ஏறுவதற்கு ஒரு கோடு, இறங்குவதற்கு ஒரு கோடு போட்டிருப்பார்கள். கோட்டுக்கு முன்பே ஏறினால் தண்டனை!

முதல் ஓட்டத்தில்தான் வினை

விசில் அடித்ததும் எல்லாரும் பாய்வார்கள். புதியவருக்கும் ரத்தம் சூடாகி விடும். கூடவே பாய்வார். 5 கிலோ மீட்டரும் பிரமாதமாகப் போகும். சைக்கிளும் பரவாயில்லை. இறங்கியதும் வரும் பாருங்கள்!

தொடை கல்லாகி இருக்கும். "இது என் கால்தானா?" என்று சந்தேகம் வரும். சைக்கிளில் கால் வட்டமாகச் சுற்றியே பழகி விட்டது. உடம்பின் எடையை சீட் தாங்கியது. இப்போது அந்த எடை முழுவதும் கால் மேலே விழுகிறது. காலில் செங்கல்லைக் கட்டியது போல ஒரு கனம். வெள்ளைக்காரர்கள் இதைப் பழகும் பயிற்சிக்கே "பிரிக்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பயிற்சி ஒன்றும் கம்ப சூத்திரம் இல்லை. வாரம் ஒரு நாள் 10, 12 கிலோ மீட்டர் மிதிக்க வேண்டும். சைக்கிளை வாசலில் சாய்த்து விட்டு, தண்ணீர் கூடக் கேட்காமல், உடனே ஒரு கிலோ மீட்டர் ஓட வேண்டும். வாரா வாரம் கொஞ்சம் கூட்டலாம். இரண்டு, மூன்று மாதத்தில் கால் பழகி விடும். போட்டி அன்று முதல் ஓட்டத்தில் பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற வேகத்தில் போனால் போதும். முந்துகிறவர்கள் முந்தட்டும். கடைசி இரண்டரை கிலோ மீட்டரில் அவர்களில் பாதிப் பேரை நடக்கும் கோலத்தில் பார்க்கலாம்.

மீமிசலுக்கு ஒரு வசதி, காற்று. வாடை வீசும்போது கோட்டைப்பட்டினம் பக்கம் மிதித்தால் நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். சோழகம் அடிக்கும்போது தொண்டி பக்கம் போனால் அதே கதை. மேடு இல்லாத ஊருக்கு இந்தக் காற்றுதான் மேடு. போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது முதுகுக் காற்று என்று வைத்துக் கொள்வது புத்திசாலித்தனம். கிழக்கு கடற்கரை சாலையில் வண்டிகள் பறக்கின்றன. விடியற்காலையில், பின்னால் சிவப்பு விளக்கோடு, கூடுமானவரை உள்கிராமத்து ரோடுகளில் பழக வேண்டும்.

உப்பு விளையும் ஊருக்கு உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். வியர்வையோடு உப்பும் போகிறது. நெடுநேரம் ஓடி விட்டு வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தால் தலை சுற்றும். அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. உப்பு போட்ட நீராகாரமோ, எலுமிச்சை சாறோ போதும். வெயில் ஏறும் முன்பு வீட்டுக்கு வந்து விட வேண்டும்.

பார்க்கிற கண்கள்

ஆண்கள் அதிகாலையில் அரைக்கால் சட்டையோடு ஓடினால் நாய்தான் குரைக்கும். ஒரு பெண் ஓடினால்? நாலு பேர் நின்று பார்ப்பார்கள். புதியவரைப் பாதியில் நிறுத்துவது பல நேரம் இந்தப் பார்வைதான்.

இதே மாவட்டம் அதற்கு ஒரு பதில் சொல்லி இருக்கிறது. 1991, 92-ல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். வயலில் வேலை செய்தவர்கள், கல் குவாரியில் கல் உடைத்தவர்கள், ஆசிரியைகள் என்று லட்சம் பெண்கள் வரை மிதிக்கக் கற்றார்கள். வசவும் கிண்டலும் வந்தது. அவர்கள் இறங்கவில்லை. 1992 மகளிர் தினத்தை ஒட்டி 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணி அடித்துக் கொண்டு புதுக்கோட்டை நகரில் ஊர்வலம் வந்தார்கள். லேடீஸ் சைக்கிளை விட ஆண்கள் சைக்கிளே தேவலை என்றார்கள் சிலர். முன் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! அன்று அந்தக் கம்பியில் உட்கார்ந்து போன பிள்ளைகளுக்கு இன்று முப்பது வயது தாண்டி இருக்கும். முதல் டூயத்லானுக்கு அது நல்ல வயது.

ஓட்டத்துக்கும் இந்த மாவட்டத்தில் ஆள் உண்டு. கத்தக்குறிச்சி செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள் சாந்தி 2006-ல் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினப் பரிசோதனை என்று சொல்லி அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். அது ஆறாத காயம். அதற்குப் பிறகும் அவர் மைதானத்தை விடவில்லை. பயிற்சியாளராகி பிள்ளைகளை ஓட வைத்தார்.

கடைசி ஆள்

"கடைசியா வந்தா சிரிப்பாங்களே?" என்பது எல்லாப் புதியவர்களுக்கும் உள்ள பயம். போட்டியில் ஒரு நேர வரம்பு வைத்திருப்பார்கள். அதற்குள் வந்தால் கணக்கில் உண்டு. பாதி தூரத்துக்கு இரண்டு மணி நேரம் போல ஆகலாம். பெயர் கொடுக்கும் முன்பே வரம்பைக் கேட்டு, வீட்டுப் பக்கம் ஒரு முறை முழுத் தூரமும் போய்ப் பார்த்து விட்டால் பாதி பயம் போய் விடும்.

முடித்ததும் பொத்தென்று உட்கார்ந்து விடாமல் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். சட்டையில் குத்திய நம்பர் சீட்டைக் கிழித்து எறிந்து விடாதீர்கள். அதைப் பார்த்துத்தான் சைக்கிளைத் திருப்பித் தருவார்கள்.