பேசப் பயந்த பெர்னார்ட் ஷா

செமினார்னு சொன்னாலே கை கால் உதறுதா? குரூப் டிஸ்கஷன்ல பாயிண்ட் எல்லாம் மனசுக்குள்ள வரிசையா நிக்குது, ஆனா வாயைத் திறக்கிறதுக்குள்ள டைம் முடிஞ்சுடுதா? அப்போ ஜார்ஜ் பெர்னார்ட் ஷாவைப் பத்தி நீங்க தெரிஞ்சுக்கணும்.

நோபல் பரிசு, ஆஸ்கர் விருது இரண்டையும் வாங்கிய முதல் மனிதர் இவர்தான். இவரும் ஒரு காலத்தில் நாலு பேர் முன்னால் நின்று பேசப் பயந்தவர்!

1856 ஜூலை 26-ல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தார் ஷா. அப்பா தானிய வியாபாரி, குடிப்பழக்கம் உள்ளவர். பள்ளிக்கூடம் ஷாவுக்குப் பிடிக்கவே இல்லை. 15 வயதில் படிப்பை விட்டுவிட்டு கிளார்க் வேலைக்குப் போனார். 1876-ல் லண்டனில் இருந்த அம்மாவிடம் வந்து சேர்ந்தார்.

அங்கே 1879-ல் கிடைத்தது எடிசன் டெலிபோன் கம்பெனி வேலை. என்ன வேலை தெரியுமா? வீடு வீடாகப் போய், "உங்க கூரை மேல டெலிபோன் கம்பி போட அனுமதி கொடுங்க" என்று கேட்க வேண்டும். கூச்ச சுபாவக்காரருக்கு இது எப்படி இருந்திருக்கும்! தெரிந்தவர் வீட்டுக்கு விருந்துக்குப் போனால்கூட, கதவைத் தட்டத் துணிச்சல் வராமல் தேம்ஸ் நதிக்கரையில் இருபது நிமிடம் முன்னும் பின்னும் நடந்திருக்கிறார்.

எழுத்தும் கைகொடுக்கவில்லை. 1879 முதல் 1883 வரை ஐந்து நாவல்கள் எழுதினார். பதிப்பகங்கள் ஒன்று விடாமல் திருப்பி அனுப்பின. அம்மா இசை சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்ததில்தான் சாப்பாடு.

இந்தச் சமயத்தில் நண்பர் ஒருவர் அவரை ஒரு விவாதச் சங்கத்துக்கு அழைத்துப்போனார். ஷா எழுந்து பேசினார். உடம்பெல்லாம் நடுக்கம். வேறு யாராக இருந்தாலும் அதோடு அந்தப் பக்கமே போயிருக்க மாட்டார்கள். ஷா என்ன செய்தார்? 'இனி ஒவ்வொரு கூட்டத்திலும் பேசியே தீருவேன்' என்று முடிவெடுத்தார். கையில் வைத்திருந்த குறிப்பைக்கூடப் படிக்க முடியாத அளவுக்குப் பதற்றம் இருந்தும் நிறுத்தவில்லை.

லண்டனில் எங்கே விவாதம் நடந்தாலும் ஆஜர். தெருமுனை, பூங்கா, ஆர்ப்பாட்டம் என்று எந்த இடத்தையும் விடவில்லை. 1884-ல் ஃபேபியன் சங்கத்தில் சேர்ந்தார். சுமார் பன்னிரண்டு வருடம், இரண்டு வாரத்துக்கு மூன்று முறை என்ற கணக்கில் பேசினார். பயம் போன பிறகு மேடை ஏறியவர் இல்லை அவர். ஏறி ஏறித்தான் பயம் போனது.

முதல் நாடகம் மேடையேறியபோது அவருக்கு வயது 36. அவருடைய நாடகங்களில் பாத்திரங்கள் ஒருவரை ஒருவர் விடாமல் மடக்குவார்கள். அத்தனை வருடம் கூட்டங்களில் கேள்வி வாங்கிப் பதில் சொன்ன பழக்கம் அதில் தெரிகிறது.

1913-ல் முதலில் மேடையேறிய 'பிக்மேலியன்' நாடகத்தின் கதையே பேச்சுதான். தெருவில் பூ விற்கும் எலைசா, உச்சரிப்பு கற்றுக்கொண்டு உயர்குடிச் சீமாட்டி போலவே பேச ஆரம்பிக்கிறாள். அதன் 1938 திரைப்பட வடிவத்தின் திரைக்கதைக்குத்தான் ஆஸ்கர். 1925-க்கான நோபலில் வந்த பணத்தைத் தனக்கு வைத்துக்கொள்ளாமல், ஸ்வீடிஷ் இலக்கியத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுவரக் கொடுத்துவிட்டார். 1950-ல் தன் 94-வது வயதில் மறைந்தார்.

'அவனுக்கு இயல்பாவே பேச வரும், நமக்கு வராது' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஷாவுக்கும் வரவில்லைதான். அடுத்த தடவை வகுப்பில் "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டால், ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. குரல் நடுங்கட்டும், பரவாயில்லை. அதுக்கு அடுத்த வகுப்பிலும் ஒண்ணு கேளுங்க!