வீட்டுத் தோட்டத்தில் மூங்கில் வளர்ப்பும் கட்டுப்பாடும்

மூங்கில் என்பது புல் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுத் தாவரம் ஆகும். மரம் போல உயர்ந்து நின்றாலும் நெல், கரும்பு, அருகம்புல் ஆகியவற்றின் உறவினமே இது. நிழல், மறைப்பு வேலி, அழகு ஆகியவற்றுக்காகவும், பந்தல் கால், கொடிக்கம்பு போன்ற சிறு தேவைகளுக்காகவும் வீட்டு மனைகளில் இதை நடுகின்றனர். நட்ட சில ஆண்டுகளில் மூங்கில் சுற்றுச்சுவரைத் தாண்டி அடுத்த வீட்டு மண்ணில் முளைவிட்டு, அண்டை வீட்டாருடன் சச்சரவில் முடிவதும் உண்டு. எந்த வகையை, எங்கே, எப்படி நடுவது என்பதைத் தெரிந்துகொண்டால் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

பூக்கடைகளில் கண்ணாடிக் குவளை நீரில் வைத்து விற்கப்படும் 'அதிர்ஷ்ட மூங்கில்' உண்மையில் மூங்கில் அன்று. அது டிரசீனா என்னும் வேறொரு செடி. இக்கட்டுரையில் கூறப்படும் எதுவும் அதற்குப் பொருந்தாது.

மட்டநிலத்தண்டின் இரு வகைகள்

மூங்கில் பரவுவதற்குக் காரணம் அதன் வேர் அன்று. மண்ணுக்குள் கிடைமட்டமாக வளரும் மட்டநிலத்தண்டு ஆகும். இஞ்சியும் மஞ்சளும் இத்தகைய தண்டுகளே. மூங்கிலில் இது இரு விதமாக அமைகிறது.

முதலாவது, குத்தாக வளரும் வகை. இதன் மட்டநிலத்தண்டு குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்கும். சிறிது தூரம் சென்றதும் அதன் நுனியே மேல்நோக்கி வளைந்து கழியாகிவிடும். அடுத்த கழி அதன் அடியிலுள்ள மொட்டிலிருந்து தோன்றும். வாழைக்குப் பக்கக்கன்று வருவது போல, தாயை ஒட்டியே பிள்ளைகள் எழும். ஆண்டுதோறும் குத்து சிறிதளவே அகலும். வெப்ப மண்டலத்தில் வளரும் பெரும்பாலான மூங்கில்கள் இவ்வகையே.

இரண்டாவது, ஓடும் வகை. இதன் மட்டநிலத்தண்டு மெல்லியதாகவும் நீளமாகவும் இருக்கும். அதன் நுனி கழியாக மாறாமல் மண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருக்க, பக்க மொட்டுகள் கழிகளாக எழும். அருகம்புல் வயலில் பரவும் முறையும் ஏறத்தாழ இதுவே. சாதகமான மண்ணில் ஓராண்டிலேயே சில மீட்டர் தூரம் செல்லக்கூடும். சீனா, ஜப்பான் போன்ற மித வெப்ப நாடுகளின் பில்லோஸ்டாகிஸ் பேரினம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒன்றும் உண்டு. வடகிழக்கு இந்தியாவின் மெலோகன்னா மூங்கில் குத்து வகையைச் சேர்ந்ததாயினும், அதன் மட்டநிலத்தண்டின் கழுத்துப்பகுதி நீண்டிருப்பதால் கழிகள் இடைவெளி விட்டு விட்டு எழும். எனவே 'குத்து மூங்கில்' என்ற பெயரை மட்டும் நம்பி வாங்காமல், நாற்றுப்பண்ணையில் வளர்ந்த தூர் ஒன்றைப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

வகையைத் தேர்ந்தெடுத்தல்

தமிழ்நாட்டுக் காடுகளில் காணப்படும் பெருமூங்கில் 30 மீட்டர் வரை உயரக்கூடியது. அடிப்பகுதி முழுவதும் முள் பின்னிக் கிடக்கும். வயல் வேலிக்கு அது பொருந்தும், சிறிய வீட்டு மனைக்குச் சற்றும் பொருந்தாது. கல்மூங்கில் ஏறத்தாழ கெட்டியான கழி உடையது, வறட்சியைத் தாங்கும், இடம் தாராளமாக இருந்தால் நடலாம். பச்சைக் கோடுகள் ஓடும் மஞ்சள் மூங்கில் கண்ணுக்கு அழகானது, ஆனால் 10 மீட்டரைத் தாண்டி வளரும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மறைப்பு வேலிக்கு ஏற்றது 3 முதல் 7 மீட்டர் வரை மட்டுமே உயரும் வேலி மூங்கில். கணுவிடை பானை வயிறு போல உப்பும் 'புத்தர் வயிறு' மூங்கில் தொட்டிக்கு உகந்தது. அதை வளமான தரையில் நட்டால் உப்பாமல் நேராக உயர்ந்துவிடும். தொட்டியின் நெருக்கடியில்தான் வயிறு வைக்கும்.

நடுதல்

60 செ.மீ. நீள, அகல, ஆழமுள்ள குழி எடுத்து, மேல்மண்ணுடன் மட்கிய தொழுவுரம் கலந்து நிரப்பி, மழைக்காலத் தொடக்கத்தில் நட வேண்டும். நீர் தேங்கும் இடம் ஆகாது. சுவர், கிணறு, கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றிலிருந்து சிறிய வகைகளுக்கு 2 மீட்டரும் பெரிய வகைகளுக்கு அதைவிடக் கூடுதலாகவும் இடைவெளி விடுவது பாதுகாப்பானது. தலைக்கு மேல் மின்கம்பி செல்லும் இடத்தில் உயரமான வகையை நடவே கூடாது. புதுக்கழி எழுந்து இரண்டு மூன்று மாதங்களில் முழு உயரத்தை எட்டிவிடும் என்பதால் 'பிறகு வெட்டிக்கொள்ளலாம்' என்பதற்கு நேரம் இருக்காது. மூங்கில் கழி மண்ணை விட்டு வெளிவரும்போதே தன் முழுப் பருமனுடன் வருகிறது. பின்னர் உயருமே தவிரப் பருக்காது.

ஓடும் வகையை அடக்குதல்

ஓடும் மூங்கிலின் மட்டநிலத்தண்டுகள் பெரும்பாலும் மேல் 30 செ.மீ. மண்ணிலேயே செல்கின்றன. கட்டுப்படுத்தும் முறைகள் எல்லாம் இதை வைத்தே அமைந்துள்ளன.

பரவலாகக் கையாளப்படுவது நெகிழித் தடுப்பு. ஏறத்தாழ 1.5 மி.மீ. தடிப்புள்ள எச்.டி.பி.இ. தகட்டை, செடியைச் சுற்றி 60 முதல் 75 செ.மீ. ஆழத்துக்குப் பதிக்கின்றனர். இதில் கவனிக்க வேண்டியவை சில. தகட்டின் மேல் விளிம்பு தரைக்கு மேல் 5 செ.மீ. தெரிய வேண்டும், இல்லையேல் தண்டு மேலேறித் தாண்டுவது கண்ணில் படாது. தகடு செடிக்கு வெளிப்புறமாகச் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். அப்போது மோதும் தண்டு கீழே செல்லாமல் மேல்நோக்கித் திரும்பும். தகட்டின் இரு முனைகள் சேரும் இடமே பலவீனமானது. அங்கே முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, உலோகப் பட்டையால் இறுக்க வேண்டும். மெல்லிய சிமெண்டுச் சுவரை நம்ப முடியாது; நாளடைவில் விரிசல் விட்டால் அதன் வழியே தண்டு வெளியேறும்.

செலவில்லாத முறை அகழி வெட்டுவது. தூரைச் சுற்றி 30 செ.மீ. ஆழத்துக்கு வாய்க்கால் எடுத்து, இலைச்சருகால் நிரப்பி வைத்து, ஆண்டுக்கு இருமுறை கிளறிப் பார்த்து, எட்டிப் பார்க்கும் தண்டுகளை வெட்டிவிடலாம். தடுப்பு போட்டாகிவிட்டது என்று மறந்துபோகிறவரை விட, அகழியை விடாமல் பார்ப்பவரின் மூங்கிலே அடங்கி இருக்கும்.

அமெரிக்காவில் இச்சிக்கல் சட்டம் வரை சென்றுள்ளது. 1882இல் அலபாமாவுக்குக் கொண்டுவரப்பட்ட பொன் மூங்கில் பின்னர் பல மாநிலங்களில் தோட்டங்களைத் தாண்டிப் பரவியது. கனெடிகட் மாநிலம் 2013இல் இயற்றிய சட்டத்தின்படி, ஓடும் மூங்கிலைத் தன் எல்லைக்கு வெளியே பரவவிட்டால், நட்டவரே இழப்புக்குப் பொறுப்பாவார். குளிர் நாடுகளில் குடியேறிய தமிழர்கள் ஊர் நினைவில் மூங்கில் வாங்கும்போது கவனம் தேவை. அங்குள்ள கடைகளில் கிடைப்பவற்றில் பல ஓடும் வகையே.

குத்து மூங்கிலைப் பராமரித்தல்

குத்து மூங்கில் ஓடாது என்பதால் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுவது வழக்கம். பத்தாண்டு சென்றபின் உள்ளே கை நுழைய முடியாத அளவுக்கு நெருக்கம் ஏற்பட்டு, காய்ந்த கழிகள் நடுவில் சிக்கிக்கொள்ளும். அடியில் சருகு சேர்ந்தால் பாம்புக்கு மறைவிடமாகும்.

ஆகவே நான்காம் ஆண்டு முதல், மூன்று வயதைக் கடந்த கழிகளை ஆண்டுதோறும் எடுத்துவிட வேண்டும். பளிச்சென்ற பச்சையும், வெண்பொடியும், கணுவில் ஒட்டிய பாளையும் இளங்கழியின் அடையாளம். மங்கிய நிறமும் பாசிப்புள்ளிகளும் முதிர்ந்ததைக் காட்டும். முதிர்ந்தவை நடுவிலும் இளையவை ஓரத்திலும் இருக்கும். ஒரு பக்கத்தில் மட்டும் வழி திறந்து, குதிரை லாட வடிவில் உள்ளே சென்று நடுக்கழிகளை வெட்டுவது எளிது. குருத்து எழும் மழைக்காலத்தில் வெட்டக் கூடாது.

வெட்டும் இடம் முக்கியம். தரையிலிருந்து முதல் அல்லது இரண்டாம் கணுவுக்குச் சற்று மேலே, கணுவை ஒட்டியே அறுக்க வேண்டும். கணுவிடையின் நடுவில் வெட்டினால் அடிக்கட்டை கிண்ணம் போல் நின்று மழைநீரைத் தேக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிசு கொசு அதில் முட்டையிடும்.

வேண்டாத திசையில் வரும் குருத்தை, ஓரடி உயரத்துக்குள் இருக்கும்போதே காலால் தட்டினாலும் ஒடிந்துவிடும். உண்ணத்தக்க வகைகளின் குருத்தைச் சமைக்கலாம். ஆனால் பச்சைக் குருத்தில் சயனைடை வெளிவிடும் பொருள் இருப்பதால், நறுக்கி நன்கு வேகவைத்து அந்த நீரைக் கொட்டிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

முழுவதும் அகற்றுதல்

அண்டை மனையிலிருந்து வந்த மூங்கிலாயின், முதலில் எல்லையோரம் தோண்டித் தாய்ச்செடியுடன் உள்ள இணைப்பைத் துண்டிக்க வேண்டும். இணைப்பு இருக்கும்வரை தாய்ச்செடி உணவு அனுப்பிக்கொண்டே இருக்கும். பின்னர் கழிகளைத் தரையோடு வெட்டி, புதிதாக எழும் ஒவ்வொரு குருத்தையும் இலை விரியுமுன் ஒடித்து வந்தால், தண்டில் சேமித்த மாவுப்பொருள் தீர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகளில் பட்டுப்போகும். தோண்டி எடுத்த தண்டுகளை ஓடைக்கரையில் வீசக் கூடாது. மொட்டுள்ள ஒரு துண்டு ஈரம் கண்டால் அங்கேயே துளிர்த்துவிடும். வெயிலில் நன்கு உலர்த்தியபின் அவை அடுப்பெரிக்க உதவும்.