பெரும்பான்மை வேறு, மக்கள் மனம் வேறு

பிரிட்டனில் ஆட்சி மாறும் வேகம் நம்மைப் போன்றோருக்கு வியப்பளிப்பது. வியாழக்கிழமை இரவு பத்து மணிக்கு வாக்குப்பதிவு முடிகிறது. விடிய விடிய வாக்குகள் எண்ணப்படுகின்றன. தெளிவான முடிவு கிடைத்துவிட்டால், வெள்ளிக்கிழமை பகலிலேயே தோற்ற பிரதமர் டவுனிங் தெருவின் பத்தாம் எண் இல்லத்தை விட்டு வெளியேறுகிறார். வென்றவர் அரண்மனை சென்று மன்னரைச் சந்தித்துவிட்டு அதே வாசலில் வந்து நின்று உரையாற்றுகிறார். இடையே இருப்பது சில மணி நேரம் மட்டுமே.

2024 ஜூலை 5-ஆம் தேதி அந்த வாசலில் முதலில் பேசியவர் ரிஷி சுனக். நாட்டு மக்களிடம் வருத்தம் தெரிவித்தார். அவர்களது கோபத்தைத் தாம் கேட்டதாகவும், தோல்விக்குத் தாமே பொறுப்பு என்றும் கூறினார். புதிய பிரதமரைக் கண்ணியமானவர் என்று குறிப்பிட்டார். மாரி பொழிந்த ஒரு மாலையில் குடையின்றி நனைந்தபடி தேர்தலை அறிவித்ததற்காக அவரைக் கேலி செய்தவர்களில் பலரும் அன்று அவரது பண்பைப் பாராட்டினார்கள். அடுத்து அங்கு வந்து நின்ற கியெர் ஸ்டார்மரை ஆதரவாளர்கள் கொடியசைத்து வரவேற்றனர்.

காட்சி மாற அதிக காலம் பிடிக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில், உடனடியாக மறுதேர்தல் நடத்த வேண்டும் என்று நாடாளுமன்ற இணையதளத்தில் தொடங்கப்பட்ட கோரிக்கை மனுவில் சுமார் 30 லட்சம் பேர் கையெழுத்திட்டனர். 2025 செப்டம்பரில் இப்சாஸ் நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில் ஸ்டார்மரின் செயல்பாட்டில் நிறைவு தெரிவித்தவர்கள் 13 சதவீதத்தினர். நிறைவின்மை தெரிவித்தவர்கள் 79 சதவீதத்தினர். 1977 முதல் அந்த நிறுவனம் பதிவு செய்துவரும் கணிப்புகளில் எந்தப் பிரதமருக்கும் இத்தனை மோசமான மதிப்பீடு கிடைத்ததில்லை. 650 இடங்கள் கொண்ட அவையில் 411 இடங்களை வென்ற ஒரு தலைவர், பதினான்கு மாதங்களில் எவ்வாறு இந்த நிலைக்கு வந்தார்?

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு முதலில் கண்ணில் படுவது எண்ணிக்கைதான். தொழிலாளர் கட்சி வென்ற இடங்கள் 63 சதவீதம். பெற்ற வாக்குகள் 33.7 சதவீதம். வாக்களித்தவர்களோ பதிவு பெற்ற வாக்காளர்களில் 60 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால், ஐந்து வாக்காளர்களில் ஒருவர் மட்டுமே அந்தக் கட்சியைத் தேர்ந்தெடுத்தார் என்பது விளங்கும். ஜெரிமி கார்பின் தலைமையில் படுதோல்வி அடைந்த 2019 தேர்தலில் அக்கட்சி ஒரு கோடியே 2 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளைப் பெற்றிருந்தது. மாபெரும் வெற்றி கண்ட 2024-இல் பெற்றதோ சுமார் 97 லட்சம். வாக்குகள் குறைந்தன, இடங்கள் இரு மடங்காயின.

காரணம், தொகுதியில் அதிக வாக்குகள் பெற்றவரே வெற்றியாளர் என்னும் முறை. கன்சர்வேடிவ் கட்சியின் வாக்குகள் 43.6 சதவீதத்திலிருந்து 23.7 சதவீதமாகச் சரிந்தன. அவற்றில் பெரும்பகுதியை நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சி கொண்டுபோனது. எதிரணி இரண்டாக உடைந்த தொகுதிகளில், மூன்றில் ஒரு பங்கு வாக்குகளுடன்கூடத் தொழிலாளர் கட்சியால் வெல்ல முடிந்தது. அந்தக் கட்சி ஓர் உறுப்பினரைப் பெறச் சராசரியாக 23,600 வாக்குகள் போதுமானதாக இருந்தன. லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு இது சுமார் 49,000. 41 லட்சம் வாக்குகளைப் பெற்று ஐந்தே இடங்களில் வென்ற ரிஃபார்ம் கட்சிக்கோ 8 லட்சத்துக்கும் மேல்.

ஆக, அன்று நிகழ்ந்தது ஓர் ஆட்சியை அகற்றும் தீர்ப்பு. பதினான்கு ஆண்டுகளில் ஐந்து பிரதமர்களைக் கண்டு சலித்த மக்கள், ஆறாவது ஒருவரைக் கொண்டாடுவதற்காக வாக்குச்சாவடிக்குச் செல்லவில்லை. பிரதமராக 49 நாள்கள் மட்டுமே நீடித்த லிஸ் டிரஸ் தமது சொந்தத் தொகுதியிலேயே 630 வாக்குகளில் தோற்றது, அந்தக் கோபம் எங்கே குவிந்திருந்தது என்பதைக் காட்டியது. இரவல் வாங்கிய வாக்கு எளிதில் திரும்பிப் போய்விடும். இதை உணர்ந்து, தாங்கள் பெற்ற பெரும்பான்மையைக் கடனாகக் கருதியிருக்க வேண்டியவர்கள் அதைச் சொத்தாகக் கருதியதில்தான் சிக்கல் தொடங்கியது.

பதவியேற்று நான்கு வாரங்கள்கூட ஆகாத நிலையில், 2024 ஜூலை 29 அன்று நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். முதியோருக்குக் குளிர்கால எரிபொருள் செலவுக்காக ஆண்டுதோறும் வழங்கப்பட்டுவந்த 200 முதல் 300 பவுண்டு உதவித்தொகை, இனி மிகவும் வறிய நிலையில் இருப்போருக்கு மட்டுமே என்றார். ஏறத்தாழ ஒரு கோடி முதியோர் அந்தத் தொகையை இழந்தனர். வசதி படைத்த முதியவருக்கு அரசு ஏன் எரிபொருள் பணம் தர வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. ஆனால், உதவி பெறும் தகுதிக்கான வரம்பைச் சற்றே தாண்டிய, எந்த வகையிலும் வசதியற்ற முதியோரும் அதில் அகப்பட்டுக்கொண்டனர்.

இதனால் மிச்சமாகும் என்று மதிப்பிடப்பட்ட தொகை ஆண்டுக்கு சுமார் 140 கோடி பவுண்டு. பிரிட்டன் அரசின் மொத்த ஆண்டுச் செலவோ ஒரு லட்சத்து 20 ஆயிரம் கோடி பவுண்டை ஒட்டியது. அதாவது, ஆயிரத்தில் ஒரு பங்கைச் சற்றே விஞ்சும் மிச்சம். ஆயிரத்தில் ஒரு பங்குக்காக ஓர் அரசு தன் நற்பெயரை ஈடு வைத்தது.

உளவியலாளர்கள் டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979-இல் வெளியிட்ட ஆய்வு, மனிதர்கள் லாபத்தால் அடையும் மகிழ்ச்சியைக் காட்டிலும் அதே அளவு நஷ்டத்தால் அடையும் வேதனை பெரிது என்று காட்டியது. அரசியலுக்கும் இது பொருந்தும். நிதிநிலை சீரடைவதன் பயன் ஆறு கோடியே 80 லட்சம் மக்களிடையே சிதறிப்போகும்; அதை எவரும் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. கைக்கு வந்துகொண்டிருந்த 300 பவுண்டு நின்றுபோவதை, கணப்பை எப்போது அணைக்கலாம் என்று கணக்குப் பார்க்கும் முதியவர் ஒவ்வொரு மாலையும் உணர்வார். அதே வேளையில், பிரதமர் தமக்கான ஆடைகளையும் மூக்குக் கண்ணாடிகளையும் கட்சியின் செல்வந்தர் ஒருவரிடமிருந்து அன்பளிப்பாகப் பெற்ற செய்தி வெளியானது. விதிகளின்படி அது குற்றமில்லை. ஆயினும், பிறரைச் சிக்கனமாக இருக்கச் சொல்பவரின் சட்டைக்கு வேறொருவர் பணம் கொடுத்தார் என்ற செய்தியை எந்த விளக்கத்தாலும் அழிக்க முடியாது. 2025 ஜூனில், ஆண்டு வருமானம் 35,000 பவுண்டு வரை உள்ள முதியோருக்கு உதவித்தொகை மீண்டும் வழங்கப்படும் என்று அரசு பின்வாங்கியது. பணமும் மிச்சமாகவில்லை, பெயரும் மிஞ்சவில்லை.

இது ஸ்டார்மர் ஒருவரின் கதை மட்டுமன்று. 2010 தேர்தலை எண்ணிப் பார்க்கலாம். அவ்வாண்டு ஏப்ரலில் பிரிட்டனில் முதன்முறையாகக் கட்சித் தலைவர்களின் தேர்தல் விவாதம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அதில் லிபரல் டெமாக்ரட் தலைவர் நிக் கிளெக் ஒரே இரவில் நாட்டின் நாயகரானார். தேர்தலில் 23 சதவீத வாக்குகள் பெற்றார், இடங்கள் 57. எவருக்கும் பெரும்பான்மை கிட்டாத அவையில் அவரே ஆட்சியைத் தீர்மானிப்பவராகி, டேவிட் கேமரூனுடன் கூட்டணி அமைத்துத் துணைப் பிரதமரானார்.

ஆனால், பல்கலைக்கழகக் கட்டணத்தை உயர்த்தும் எந்த முயற்சியையும் எதிர்த்து வாக்களிப்போம் என்று அவரது கட்சி வேட்பாளர்கள் தேர்தலுக்கு முன் மாணவர்களுக்கு எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்திருந்தார்கள். அதே டிசம்பரில் கட்டண உச்சவரம்பு சுமார் 3,300 பவுண்டிலிருந்து 9,000 பவுண்டாக உயர்த்தப்பட்டது. லண்டன் வீதிகளில் மாணவர்கள் திரண்டனர். 2012-இல் கிளெக் காணொலி மூலம் மன்னிப்புக் கேட்டார். அதை இசையமைத்துக் கேலிப்பாடலாக்கினார்கள். 2015 தேர்தலில் கட்சியின் இடங்கள் எட்டாகச் சுருங்கின. அந்தக் கூட்டணிக்குத் தலைமை தாங்கிய கேமரூனின் கட்சியோ தனிப்பெரும்பான்மை பெற்றது. கூட்டணியின் பாவங்களையெல்லாம் இளைய பங்காளியே சுமந்தார். கன்சர்வேடிவ் கட்சியிடம் மக்கள் எதிர்பார்த்தது அதுதான். கிளெக்கிடம் எதிர்பார்த்தது வேறு. எதிர்பார்ப்புக்கும் நடப்புக்கும் இடையிலான தொலைவைத்தான் மக்கள் அளக்கிறார்கள்.

இதன் மறுபக்கம் 2017. தெரசா மேயின் கட்சி 42.4 சதவீத வாக்குகள் பெற்று முதலிடம் வந்தது. ஆனாலும், பெரும்பான்மையைப் பறிகொடுத்ததால் அவர் தோற்றவராகவே பார்க்கப்பட்டார். தேர்தல் முடிந்த ஆறாம் நாள் லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கட்டடத்தில் தீப்பற்றி 72 பேர் மாண்டனர். முதலில் அங்கு சென்ற மே தீயணைப்புப் படையினரைச் சந்தித்துத் திரும்பினாரே தவிர, வீடிழந்தோரைச் சந்திக்கவில்லை. கார்பின் அவர்களிடையே சென்று கண்ணீரைத் துடைத்தார். சில நாள்கள் கழித்து கிளாஸ்டன்பரி இசைவிழாவில் பெருங்கூட்டம் கார்பினின் பெயரைப் பாடலாக முழங்கியது. 262 இடங்கள் பெற்றுத் தோற்றவர் வெற்றி வீரராக வலம் வந்தார். ஆனால், இரண்டரை ஆண்டுகளில் அவரது கட்சி 202 இடங்களுக்கு வீழ்ந்தது. ஒரு பருவத்தின் ஆரவாரத்தை அடுத்த தேர்தலுக்கான உறுதிமொழியாக எடுத்துக்கொள்வது, பெரும்பான்மையை அன்பாக எண்ணுவதற்கு நிகரான பிழை.

அப்படியானால் தேர்தல் முறையை மாற்றினால் போதுமா? விகிதாசார முறை வந்தால் வாக்குக்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி குறையும் என்பது உண்மை. இந்த முறையின் விநோதம் புதியதும் அன்று. 1951-இல் கிளமென்ட் அட்லீயின் தொழிலாளர் கட்சி, சர்ச்சிலின் கட்சியைவிட அதிக வாக்குகள் பெற்றும் ஆட்சியை இழந்தது. எனினும், 2011-இல் வாக்களிக்கும் முறையை ஓரளவு மாற்றலாமா என்று பொது வாக்கெடுப்பு நடத்தியபோது, வாக்களித்தவர்களில் 67.9 சதவீதத்தினர் வேண்டாம் என்றனர். முன்வைக்கப்பட்டது விகிதாசார முறையாக இல்லாததும், அதைக் கேட்டவர் அப்போது வெறுக்கப்பட்ட கிளெக் என்பதும் அதற்கான காரணங்களில் சேரும். ஆயினும், பிடிக்காத ஆட்சியை ஒரே நாளில் முழுமையாக வெளியேற்ற உதவும் முறையைக் கைவிட பிரிட்டிஷ் மக்கள் தயங்குகிறார்கள் என்றும் அதைக் கொள்ளலாம். தங்களுக்குப் பிடித்தவரைத் தேடித் தருவதில் பலவீனமான அந்த முறை, பிடிக்காதவரை அகற்றுவதில் வலிமையானது. அதே முறையை நாமும் பின்பற்றுகிறோம் என்பதால் இந்தக் கணக்கு நமக்கும் அந்நியமானதன்று.

முறை மாறாவிட்டாலும் தலைவர்கள் மாறலாம். 2024 தேர்தலின்போது பிரிட்டனின் நிதி ஆய்வுக் கழகம், இரு பெரிய கட்சிகளுமே வரியையும் செலவையும் பற்றிய கசப்பான உண்மைகளைப் பேசாமல் தவிர்க்கின்றன என்று வெளிப்படையாக எச்சரித்தது. அரசின் கடன் நாட்டின் ஆண்டு உற்பத்தி மதிப்பை எட்டும் அளவில் இருந்தது. வட்டிக்கு மட்டும் ஆண்டுக்கு 10,000 கோடி பவுண்டுக்கு மேல் செலவாகிக் கொண்டிருந்தது. இதை அறிந்தே, வருமான வரி, தேசியக் காப்பீடு, மதிப்புக் கூட்டு வரி ஆகியவற்றை உழைக்கும் மக்கள் மீது உயர்த்த மாட்டோம் என்று தொழிலாளர் கட்சி வாக்களித்தது. வென்றபின், அக்டோபர் நிதிநிலை அறிக்கையில், முதலாளிகள் செலுத்தும் தேசியக் காப்பீட்டுப் பங்கை 13.8 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக உயர்த்தியது. சொல் மீறப்படவில்லை என்று கட்சி வாதாடியது. முதலாளி மீது விதிக்கப்படும் வரி காலப்போக்கில் ஊதிய உயர்வையும் வேலைவாய்ப்பையும் தொடும் என்பது பொருளியலின் முதலாண்டு மாணவருக்கும் தெரிந்த பாடம். மக்கள் அந்தப் பாடத்தைப் படிக்காவிட்டாலும் அதன் விளைவை உணர்கிறார்கள்.

தேர்தலுக்கு முன் சொல்லப்படாத உண்மை, தேர்தலுக்குப் பின் துரோகமாகத் தோன்றும். முன்பே சொல்லியிருந்தால் 411 இடங்கள் 350 ஆகக் குறைந்திருக்கக்கூடும். ஆனால், அந்த 350 இடங்களின் பின்னால் கசப்பை ஏற்கச் சம்மதித்த மக்கள் நின்றிருப்பார்கள். செய்ய வேண்டியதைச் செய்யும் துணிவு அரசுக்கு இருந்திருக்கும்.

கொடியசைத்தவர்கள் கோபமடைந்ததைக் கண்டு மக்களின் மனம் நிலையற்றது என்று தலைவர்கள் குறைகூறுவதுண்டு. நான் அப்படிக் கருதவில்லை. 2024 ஜூலையில் மூன்றில் ஒரு பங்கு வாக்குகளை மட்டும் தந்து, ஐந்தில் இருவர் வீட்டிலேயே இருந்துவிட்ட நாளிலேயே மக்கள் தங்கள் ஐயத்தைப் பதிவு செய்துவிட்டார்கள். இடங்களின் எண்ணிக்கையில் மயங்கியவர்கள் அதைப் படிக்கத் தவறினார்கள். அந்த ஐயத்தைப் போக்க யாராலும் முடியாதபோது, மக்கள் பழைய கட்சிகள் இரண்டையும் தாண்டிப் புதிய குரல்களைத் தேடுகிறார்கள். 2025 மே மாத உள்ளாட்சித் தேர்தலில் ரிஃபார்ம் கட்சி 677 இடங்களை வென்றது அதற்கான முதல் அறிகுறி. அந்தக் கட்சியும் ஒருநாள் ஆட்சிக்கு வரக்கூடும். அன்றும் மூன்றில் ஒரு பங்கு வாக்குகளில் கிடைத்த பெரும்பான்மையைத் தன் சொத்து என்று அதன் தலைவர் எண்ணினால், டவுனிங் தெரு வாசலில் வருத்தம் தெரிவிக்கும் அடுத்த பிரதமர் அவராகவே இருப்பார்.