ஊர்க்காரர் இல்லாத ஊர்

கணினி விளையாட்டில் வரும் கற்பனை உலகங்களின் பெயர்களை எப்படி உச்சரிப்பது? எங்கள் துறைமுகப் பக்கத்துப் பிள்ளைகள் இதற்காகச் சண்டையே பிடிப்பார்கள். என்னிடம் வழக்குக்கு வந்த பெயர் ‘ராமா’.

ஆதர் சி. கிளார்க்கைத் திருகோணமலை அறியும். 1956 இல் அவரும் மைக் வில்சனும் கோணேசர் மலையடியில் சுழியோடி, பழைய ஆலயத்தின் இடிபாடுகளைக் கண்டார்கள். 1973 இல் வெளிவந்த அவரது நாவலில் ஏறத்தாழ 50 கிலோமீற்றர் நீளமான உருளையொன்று விண்வெளியிலிருந்து வருகிறது. உள்ளே கடலும் சமவெளியும். கிரேக்க, உரோமப் புராணப் பெயர்கள் தீர்ந்துவிட்டதால் வானியலாளர் இந்துக் கடவுளின் பெயரைச் சூட்டுகிறார்கள். 1996 இல் சியரா நிறுவனம் அதை விளையாட்டாக்கியது.

‘ரமா’ என்று வாசித்த பையனைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்க நியாயமில்லை. ஆங்கில எழுத்து குறில் நெடில் காட்டாது. ராம, ராமா, ரமா மூன்றுக்கும் அதே நான்கு எழுத்துகள். ரமா என்றால் இலக்குமி, அதுவும் தெய்வந்தான்! ஆங்கிலேயர் முதலசையை நீட்டிக் கடைசியைத் தேய்ப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், அது வடமொழி ‘ராம’வுக்கு நம்மைவிடக் கிட்ட நிற்கிறது.

திருகோணமலையை ‘டிரிங்கொமலி’ என்னும் பயணியைத் திருத்த நாங்கள் இருக்கிறோம். கற்பனை உலகத்துக்கு ஊர்க்காரர் இல்லை. படைத்தவர் வாயால் சொன்னதே சாட்சி. அதுவுமில்லையேல் பெயர் பிறந்த மொழி.

‘இராமன்’ என்று எழுதலாமா என்று இன்னொரு பிள்ளை கேட்டாள். இலக்கணம் சரி. ஆனால் உருளைக்கு ஆண்பால் விகுதி எதற்கு, பிள்ளை?