வேலையை விடாமலே ராணுவத்தில் சேரலாமா? பயிற்சி நாட்களுக்கு சம்பளம் யார் தருவாங்க?

போடிநாயக்கனூரில் அரசு வேலை. லீவு நாளில் மலை ஏறினால் சொந்த ஏலத்தோட்டம். மனசுக்குள் ராணுவ ஆசை. மூன்றும் ஒத்துப்போகுமா? போகும். வழி, 'டெரிடோரியல் ஆர்மி' எனும் பிராந்திய ராணுவம்.

என்ன இது?
வேறு வேலையில் இருப்பவர்களுக்கான பகுதிநேரப் படை. 1948-ல் சட்டம் வந்தது. 1949 அக்டோபர் 9-ல் ராஜாஜி தொடங்கி வைத்தார். கோவையில் 110-வது பட்டாலியன் இருக்கிறது.

பயிற்சி, சம்பளம்?
காலாட்படைப் பிரிவுகளில் ஆண்டுக்கு 2 மாதம் பயிற்சி. அந்த நாட்களுக்கு, முழுநேர ராணுவத்தில் அதே ரேங்கில் இருப்பவருக்கான சம்பளத்தை ராணுவமே தரும். முகாம் முடிந்தால் அது நின்றுவிடும். அதனால்தான் சொந்த வருமானம் இருப்பது அதிகாரிப் பதவிக்கு கட்டாயம்.

ஆபீஸ் விடுமா?
அரசு ஊழியர் என்றால் துறையிடம் தடையில்லாச் சான்று வாங்கணும். ராணுவப் பணிக்கே அழைத்துவிட்டால்? லீவு கொடுப்பதும், திரும்பியதும் பழைய நிலைக்குக் குறையாத வேலை கொடுப்பதும் வேலை தருபவரின் கடமை என்கிறது சட்டத்தின் 7ஏ பிரிவு.

நிஜமாவே அழைப்பாங்களா?
2025 மே 6 உத்தரவில், 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐ அழைக்க ராணுவத் தளபதிக்கு அதிகாரம் தரப்பட்டது. எனவே விண்ணப்பிக்கும் முன் வீட்டிலும் ஆபீஸிலும் பேசிடுங்க.