பழைய விலாசத்துக்கு வரும் தபால்

"சி டிரைவ் சிவப்பாகிவிட்டது, டி காலியாகக் கிடக்கிறது. யூசர்ஸ் ஃபோல்டரை அப்படியே டி-க்குத் தூக்கிப் போட்டுவிடலாமா? பேரனின் படங்கள்தான் இடத்தை அடைக்கின்றன" என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார்.

அப்படியே தூக்க வேண்டாம், ஐயா. டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஆகியவற்றை இடம் மாற்ற விண்டோஸே வழி வைத்திருக்கிறது: ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், லொகேஷன், மூவ். டி-யில் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபோல்டர் போட்டு அதைக் காட்டுங்கள். நான் ஒருமுறை வெறும் டி-யைக் காட்டிவிட்டேன். டிரைவ் முழுவதும் டாக்குமென்ட்ஸ் ஆகிவிட்டது. அதைச் சரிசெய்யவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ் பக்கம் போகவே வேண்டாம்.

இதில் எனக்குப் பிடித்த விசித்திரம் ஒன்று உண்டு. நாங்கள் அடுத்த தெருவுக்குக் குடிபோன பிறகும் பழைய விலாசத்துக்கே கடிதங்கள் வந்தன. தபால்காரர் ஒன்றும் கேட்காமல் புது வீட்டில் கொண்டுவந்து கொடுப்பார். விண்டோஸிலும் அப்படியொரு தபால்காரர் உண்டு, பெயர் ஜங்ஷன். எக்ஸ்பி காலத்து 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்', 2007இல் விஸ்டா வந்ததும் 'யூசர்ஸ்' ஆனது. பழைய புரோகிராம்கள் பழைய விலாசத்தையே தேடும் என்பதால், அந்தப் பெயரில் ஒரு ஜங்ஷனை வைத்தார்கள். மறைந்திருக்கும் சிஸ்டம் ஃபைல்களைக் காட்டச் சொன்னால் இன்றும் தெரியும். கிளிக் செய்தால் 'ஆக்சஸ் டினைட்' என்று விரட்டும்! ஆனால் உள்ளே இருக்கும் ஃபைலின் முழு விலாசத்தோடு வரும் புரோகிராமுக்கு வழிவிடும். பட்டியல் போட மட்டும்தான் தடை. ஏனென்றால், 'ஆப்டேட்டா'வின் 'லோக்கல்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'அப்ளிகேஷன் டேட்டா' என்ற ஜங்ஷன், அதே 'லோக்கலை'த்தான் கைகாட்டுகிறது. தடை இல்லையென்றால், விவரம் தெரியாத பேக்கப் புரோகிராம் அதற்குள் செக்குமாடாகச் சுற்றும்.

பேக்கப் என்றதும் ஒரு ஆதங்கம். டி-யில் போட்டால் பத்திரம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள். 'டிஸ்க் 0' என்ற ஒரே வரியில் சி-யும் டி-யும் அடுத்தடுத்து நின்றால், கடைக்காரர் ஒரே டிஸ்க்கை இரண்டாகத் தடுத்துக் கொடுத்திருக்கிறார். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். எனவே ஐயா, பேரனின் படங்களை முதலில் வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுங்கள். திறந்து ஒருமுறை சரிபாருங்கள். அப்புறம் மூவ் பட்டனுக்குப் போகலாம்.